மடியில் வாங்காத பை

மெட்ராஸ் டவுன் பஸ்ஸைப் பற்றிக் குறை சொல்லாத ஆளை நான் பார்த்ததில்லை. நேரத்துக்கு வராது, வந்தால் நிற்காது, நின்றால் ஏற இடமிருக்காது, ஏறிவிட்டால் இறங்க விடமாட்டார்கள். எல்லாம் நிஜம்தான். நானும் வேலையில் இருந்த காலமெல்லாம் அதில் நசுங்கியவள். செருப்பைப் பறிகொடுத்திருக்கிறேன், புடவையைக் கிழித்துக்கொண்டிருக்கிறேன், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் வாயில் வந்தபடி கண்டக்டரைத் திட்டியிருக்கிறேன். ஆனாலும் வேறு யாராவது அந்தப் பஸ்ஸைத் திட்டினால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அதற்கு ஒரே ஒரு காரணம் உண்டு. அதில் யார் முதலில் ஏறுகிறார்களோ அவர்களுக்கு சீட்டு. அவ்வளவுதான் சட்டம். இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்று கேட்பவர்கள் எங்கள் ஊர் பஸ்ஸில் போனதில்லை.

எங்கள் ஊர் உத்திரமேரூருக்குப் பக்கத்தில் ஏரிப் பாசனத்தில் இருக்கிறது. எழுபதுகளில் எங்களுக்கு ஒரே ஒரு பஸ். உத்திரமேரூர் போய் அங்கிருந்து காஞ்சிபுரம் போகும். காலையில் எங்கள் தெரு முனைக்கு வந்ததும் டிரைவர் ஹாரனை அழுத்துவார். உள்ளே என் அப்பா அப்போதுதான் சட்டைக்குக் கை நுழைப்பார். நாங்கள் அவரை நைனா என்று கூப்பிடுவோம். நைனா நெற்றிக்கு இட்டுக்கொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அம்மாவிடம் இரண்டு விஷயம் சொல்லிவிட்டு நிதானமாக வருவார். அதுவரைக்கும் பஸ் உறுமிக்கொண்டு நிற்கும். உள்ளே இருக்கிற ஒருவரும் முணுமுணுக்க மாட்டார்கள். டிரைவருக்குப் பின்னால் இருக்கிற சீட்டு நைனாவுடையது. யாரையும் எழுந்திரு என்று அவர் சொன்னதே இல்லை. ஏறியதும் ஒரு முறை தொண்டையைக் கனைப்பார். அது போதும்.

ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருந்த காலனி ஆட்கள் சீட்டு காலியாக இருந்தால்கூட உட்கார மாட்டார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டே நிற்பார்கள். உடம்பு முடியாமல் யாராவது உட்கார்ந்திருந்தால், எங்கள் தெரு முனையில் ஹாரன் அடித்ததுமே எழுந்துவிடுவார்கள். நான் ரிப்பன் கட்டிக்கொண்டு போன வயசிலிருந்து நைனாவுக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, என் தாத்தா வயசு ஆட்கள் நிற்பதைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறேன். பஸ் என்றால் அப்படித்தான் என்று நினைத்தேன். அதில் ஒரு கேள்வியும் எனக்கு வரவில்லை.

நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து உத்திரமேரூரில் டைப்பிங் கற்றுக்கொள்ளப் போய்வந்த சமயத்தில் ஒரு சின்ன மாற்றம் வந்தது. காலனி வாலிபர்கள் நாலைந்து பேர் கடைசி நீள சீட்டில் உட்கார ஆரம்பித்தார்கள். நைனா ஏறினாலும் எழுந்திருக்கவில்லை. நைனா திரும்பிப் பார்க்கமாட்டார். ஆனால் வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசையும்போது அது வரும். எவனுக்கும் மரியாதை தெரியவில்லை, மெட்ராஸ் போய்விட்டு வருகிறவன்கள் வந்து கெடுக்கிறான்கள் என்பார்.

அப்போது எனக்கே மெட்ராஸில் வேலை கிடைத்தது. பரீட்சை எழுதியிருந்தேன், பாரிமுனைப் பக்கம் ஒரு அரசாங்க ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலைக்கு ஆர்டர் வந்தது. எங்கள் குடும்பத்தில் பெண்பிள்ளை சம்பளத்துக்குப் போனதில்லை. சொந்தக்காரர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். ஓரிக்கைப் பக்கத்தில் ஒரு மாப்பிள்ளை வேறு தயாராக இருந்தார், பம்ப்செட்டும் கரும்புமாக. அம்மா என் பக்கம். சைதாப்பேட்டையில் அத்தை வீடு இருக்கிறது, அங்கே தங்கிக்கொண்டு போகட்டுமே என்று அழுதுகொண்டே கேட்டாள். நைனா ரொம்ப நாள் பிடிகொடுக்கவில்லை. கடைசியில் ஒரு முடிவு சொன்னார்.

"ஒரு நாளு நானே அந்த பஸ்ல வந்து பாக்கறேன். பொம்பளப் புள்ள போற லாயக்குல கீதான்னு பாக்கறேன். இல்லன்னா ஆர்டரக் கிழிச்சிப் போட்டுட்டு வூட்டுக்கு வந்துடணும். அப்பால மூச்சு வுடக்கூடாது."

நான் சரி என்றேன். ஒரே ஒரு பஸ் பிரயாணம். அது நல்லபடியாக முடிந்தால் வேலை, இல்லாவிட்டால் கரும்புத் தோட்டம்.

அத்தை வீட்டில் இராத் தங்கி, காலையில் சைதாப்பேட்டை ஸ்டாப்பில் நின்றோம். அத்தை எல்லாம் சொல்லி அனுப்பியிருந்தாள். பின்னால் ஏறி முன்னால் இறங்க வேண்டும். இடது பக்கம் பொம்பளைகள், வலது பக்கம் ஆம்பிளைகள். கண்டக்டர் நம்மிடம் வரமாட்டான், உட்கார்ந்த இடத்திலேயே இருப்பான், காசைக் கை மாற்றிக் கை மாற்றி அனுப்பினால் டிக்கெட் அதே வழியில் வரும். நைனா இதையெல்லாம் காதில் வாங்கினாரா என்று எனக்குத் தெரியவில்லை. வெள்ளை வேட்டி, விசிறி மடிப்புத் துண்டு. தெரு முனையில் நிற்பதுபோலவே நின்றார். முதல் பஸ் எங்களைப் பார்க்காமல் போனது. இரண்டாவது பஸ் தள்ளிப்போய் நின்றது. வாழ்நாளில் முதல் தடவையாக நைனா ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் ஓடினார். துண்டு நழுவியது. நான் எடுத்துக் கொடுத்தேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

உள்ளே சரியான நெரிசல். நான் பெண்கள் பக்கம் நின்றேன். உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், முன்பின் தெரியாதவள், என் கைப்பையை வெடுக்கென்று வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எனக்குத் திக்கென்றது. பிறகு சுற்றிப் பார்த்தால், உட்கார்ந்தவர்கள் எல்லாருடைய மடியிலும் நிற்பவர்களின் பைகள். டிபன் காரியர், புத்தகம், காய்கறிக் கூடை. நிற்பவன் கம்பியைப் பிடிக்க வேண்டும், அதனால் உட்கார்ந்தவன் அவன் சுமையை வாங்கிக்கொள்வான். கேட்கவும் வேண்டாம், நன்றி சொல்லவும் வேண்டாம். அத்தை இதைச் சொல்ல மறந்துவிட்டாள். எனக்கு மெட்ராஸ் பிடித்துப்போனது அந்த நிமிஷத்தில்தான்.

நைனா எனக்கு எதிர்ப்பக்கம், ஆண்கள் சீட்டு வரிசையில், உட்கார்ந்திருந்த ஒரு இளைஞன் பக்கத்தில் நின்றார். அப்போதுதான் அந்த இளைஞனுக்கு முன் சீட்டில், ஜன்னலோரமில்லாத இடத்தில் உட்கார்ந்திருந்த ஆளை நான் பார்த்தேன். எங்கள் ஊர்க் காலனிக்காரர். அவருடைய அப்பா எங்கள் நிலத்தில்தான் வேலை செய்துகொண்டிருந்தார். மகன் ஹார்பரில் வேலைக்குச் சேர்ந்து மெட்ராஸிலேயே தங்கிவிட்டதாக ஊரில் சொல்வார்கள். தேய்த்த சட்டை, மடியில் துணிப்பை, கையில் பேப்பர். அவர் எங்களை முன்பே பார்த்துவிட்டார் போலிருக்கிறது. பேப்பரைச் சற்று உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. தெரிந்த முகம் எதுவும் இல்லாமல் இந்தப் பிரயாணம் முடிந்துவிட வேண்டும் என்று நானும் வேண்டிக்கொண்டிருந்தேன்.

பஸ் கிளம்பியதும் நைனா தொண்டையைக் கனைத்தார்.

ஒருவரும் அசையவில்லை. மறுபடியும் கனைத்தார். அந்த இளைஞன் நிமிர்ந்து பார்த்துவிட்டு, சளி தன்மேல் தெறித்துவிடுமோ என்பதுபோலச் சற்று ஒதுங்கி உட்கார்ந்தான். நைனாவுக்கு அந்தக் கனைப்பைத் தவிர வேறு வழி தெரியாது. அறுபதை நெருங்கிய மனிதர், ஒரு சீட்டை எப்படிக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. வயசானவன், கொஞ்சம் இடம் கொடு தம்பி என்றிருந்தால் அவன் எழுந்துகூட இருப்பான். நைனா துண்டால் சீட்டுக் கம்பியை ஒரு தட்டுத் தட்டி, "எய்ந்திரு" என்றார்.

"இன்னா பெருசு, சீட்ட உங்க வூட்லேர்ந்து எத்துக்கினு வந்தியா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். என் பையை வைத்திருந்த அம்மாளும் சிரித்தாள். நைனாவின் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு அவர் கத்த ஆரம்பித்தார். நான் யார் தெரியுமா என்றார், எங்க ஊரில் இப்படிப் பேசியிருந்தால் தெரியும் என்றார். ஊர் பேரையும் சொன்னார். யாருக்கும் அந்த ஊர் எங்கே இருக்கிறதென்றே தெரியாது. இளைஞன் பதிலுக்குப் பதில் நீ, வா, போ என்று பேசினான். பின்னாலிருந்து கண்டக்டர் விசில் அடித்தார். சண்டை போடுவதென்றால் இறங்கிப் போய்ப் போடு பெருசு, வண்டியை நிறுத்தட்டுமா என்று கேட்டார். பஸ் ஓரங்கட்டி நின்றது. எல்லாரும் நைனாவைப் பார்த்தார்கள்.

நைனா என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்கு அர்த்தம் எனக்கு நன்றாகத் தெரியும். இறங்கு, போகலாம் என்று அர்த்தம். எனக்கு உயிரே போய்விட்டது. அவர் என் அப்பா என்று இந்தக் கூட்டத்துக்குத் தெரிந்துவிடுமே என்று ஒரு பக்கம் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இன்னொரு பக்கம் என் வேலை போகிறதே என்று பதற்றம். எது பெரிசாக இருந்தது என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

அப்போது பேப்பர் மடிகிற சத்தம் கேட்டது. அவர் எழுந்தார்.

"ஐயா, இங்க வந்து குந்துங்க."

நைனா அவரை அடையாளம் கண்டுகொண்டார். தலையைக்கூட ஆட்டவில்லை. ஊர் பஸ்ஸில் உட்காருவது போலவே, துண்டால் சீட்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, காலை அகட்டி உட்கார்ந்தார். பஸ் கிளம்பியது. அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன். எனக்குள் வந்தது சந்தோஷம்தான். வேலை தப்பித்தது என்கிற சந்தோஷம்.

அவர் நைனாவுக்குப் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்து நின்றார். துணிப்பையில் டிபன் காரியர். பஸ் குலுங்கியபோது அது நைனாவின் முழங்காலில் இடித்தது. நைனா காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு அவரை முறைத்தார். பைக்குக் கை நீட்டவில்லை. உட்கார்ந்தவர்கள் எல்லாருடைய மடியிலும் யாரோ ஒருவருடைய பை இருந்தது. என் நைனாவின் மடி மட்டும் காலி. எழுந்து இடம் கொடுத்தவர் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் அந்தப் பையைத் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். மவுண்ட் ரோட்டின் ஒவ்வொரு நிறுத்தத்திலும் உடம்பு முன்னும் பின்னும் ஆட, அப்படியே நின்றார். கொஞ்ச தூரம் போனதும் நைனாவோடு சண்டை போட்ட அந்த இளைஞன்தான் பின்னாலிருந்து எட்டிப் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். யார் அண்ணா அது, உங்க முதலாளியா என்று கேட்டான்.

"ஊர்க்காரங்க," என்றார் அவர். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்.

நான் குனிந்த தலை நிமிரவில்லை. சந்தோஷம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்தப் பஸ்ஸில் முதலில் வந்தவருக்கு சீட்டு என்று ஒரு சட்டம் இருந்தது. அதை என்னையும் நைனாவையும் தவிர எல்லாரும் பிறந்ததிலிருந்து தெரிந்தவர்கள் போல நடந்துகொண்டார்கள். அவரும் அந்தச் சட்டத்தில்தான் தினமும் போய்வந்துகொண்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் ஏறி வந்து எங்கள் ஊர் பஸ்ஸை அவர் தலைமேல் வைத்துவிட்டோம்.

பாரிமுனையில் இறங்கியதும் நைனா துண்டை உதறினார். முகம் தெளிந்திருந்தது. மெட்ராஸில் மரியாதை ஒன்றும் செத்துப்போகவில்லை, நம்ம ஊர் ஆள் இருக்கிறான், பயமில்லை, நீ வேலைக்குப் போ என்றார். எனக்கு வேலை கிடைத்தது இப்படித்தான். பரீட்சையில் நான் வாங்கிய மார்க்கால் இல்லை. மனு போட்டதாலும் இல்லை, அம்மா அழுததாலும் இல்லை. ஒருவர் எழுந்து நின்றதால்.

துணிமணி எடுத்து வர நைனாவோடு ஊருக்குத் திரும்பினேன். உத்திரமேரூரில் எங்கள் பஸ்ஸில் ஏறியதும் நைனாவுக்கு அவருடைய சீட்டு கிடைத்தது. தண்ணீரில் விட்ட மீன் மாதிரி ஆகிவிட்டார். மெட்ராஸ்காரர்களைப் பற்றி டிரைவரிடம் நக்கலும் நையாண்டியுமாகப் பேசிக்கொண்டே வந்தார். இளைஞன் கேட்ட கேள்வியை மட்டும் விட்டுவிட்டார். அந்த ஹார்பர்காரரின் அப்பா, எங்கள் நிலத்தில் வேலை செய்கிறவர், அன்றைக்கு அதே பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தார். நைனா அவரைக் கூப்பிட்டார். கடைசி சீட்டில் இருந்த வாலிபர்களைப் பார்த்தபடியே, பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"உம் புள்ள நல்லாக் கீறான்டா. நெறஞ்ச பஸ்ல என்னியப் பாத்ததும் எய்ந்து நின்னான். மெட்ராஸுக்குப் போயும் மரியாதய மறக்கல. இங்க கீதுங்களே, இதுங்களுக்கு எடுத்துச் சொல்லு."

பெரியவர் தலையை ஆட்டினார். கடைசி சீட்டில் பேச்சு நின்றுபோனது. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவன் மெதுவாக எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டான். மற்றவர்கள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, கூனிக் குறுகி, வயலையே பார்த்துக்கொண்டு வந்தேன். நைனா, சும்மா இருங்க என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலைக்கு அனுப்புகிறேன் என்று சொன்னவரிடம் என்ன சொல்ல முடியும்?

வேலைக்குச் சேர்ந்த பிறகு அதே பஸ்ஸில் அவரை அடிக்கடி பார்த்தேன். அவர் ஆண்கள் பக்கம் பேப்பரோடு, நான் பெண்கள் பக்கம் கைப்பையோடு. இரண்டு பேரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டோம். மழைக்காலம் வந்தது. ஒரு நாள் எனக்கு உட்கார இடம் கிடைத்திருந்தது. அவர் நனைந்துகொண்டு ஏறி, உள்ளே தள்ளப்பட்டு, என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நான் என்னையறியாமல் கையை நீட்டினேன்.

"பையக் குடுங்க" என்றேன். காலனி ஆள் ஒருவரை நான் மரியாதை வைத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. எங்கள் வீட்டில் சின்னக் குழந்தைகூட இவருடைய அப்பாவை வா, போ என்றுதான் கூப்பிடும். அந்த இரண்டு வார்த்தைக்கு என் நாக்கு தடுமாறியது. அவர் தயங்கினார். பிறகு கொடுத்தார். டிபன் காரியரின் சூடு துணி வழியாக என் மடியில் இறங்கியது. அசட்டுத்தனமாக எனக்குக் கண் கலங்கியது. நைனா வாங்காத பையை நான் வாங்கிவிட்டேன், ஏதோ ஒரு கணக்கு தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு என்மேல் ரொம்பத் திருப்தி.

தேனாம்பேட்டை தாண்டியதும் அவர் குனிந்தார். மெதுவாகப் பேசினார்.

"ஒண்ணு கேட்டுக்கணும்மா. அன்னிக்கு நா எய்ந்து எடம் குட்த்தேன் பாருங்க, அத்த ஊர்ல யாராண்டயும் சொல்லிக்கினு இருக்காதீங்க. எந் தம்பிங்க அங்க கீதுங்க. எவன் ஏறுனாலும் எய்ந்துக்காதீங்கடா, டிக்கெட் எடுத்துதான குந்திக்கினு கீறீங்கன்னு நாந்தான் அதுங்களுக்குச் சொல்லி வெச்சிருக்கேன்."

அவமானம் முழுவதும் எனக்கு மட்டும்தான் என்று அதுவரைக்கும் நினைத்திருந்தேன். அன்றைக்குக் கடைசி சீட்டில் எழுந்தவன் முகம் என் கண் முன்னால் வந்தது. அவன் இவருடைய தம்பியா, இல்லை வேறு யாராவதா, எனக்குத் தெரியாது. மடியில் சூடான பை. நான் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றேன். நைனா அதை ஊர் பஸ்ஸிலேயே எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டார் என்பதைச் சொல்லாமல் விட்டேன்.

அவர் முகம் லேசானது. ஐயா சௌக்கியமா என்று விசாரித்தார். இறங்கும்போது பையை வாங்கிக்கொண்டு சிரித்தார்.

அந்தப் பொங்கலுக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை. அவர் ஊருக்குப் போய்விட்டு வந்தார். அடுத்த வாரம் ஒரு காலையில் பஸ்ஸில் ஏறி, கூட்டம் தள்ளியதில் மறுபடியும் என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நான் பைக்குக் கையை நீட்டினேன்.

"பரவால்லம்மா, கையிலயே இருக்கட்டும்" என்றார். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் பையைத் தோள் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டார். பாரிமுனை வரைக்கும் அப்படியே நின்றுகொண்டு வந்தார்.